முனி மெட்ராஸ் போன அத்தியாயம்

கிட்டே வந்து உட்காருங்கள் கண்ணுகளா. மின்விசிறிக்கு நேர் கீழே வேண்டாம், என் குரல் பாதி அதிலேயே போய்விடும். இன்றைக்கு ஒரு புத்தகத்தின் கதை சொல்கிறேன். புத்தகத்துக்குள் இருக்கிற கதை அல்ல. நன்றாக ஆரம்பித்த புத்தகம் பாதியில் ஏன் கெட்டுப்போனது என்கிற கதை. எங்கள் நெய்வேலி டவுன்ஷிப்பில் நடந்தது. எந்த பிளாக், எந்தத் தெரு என்று மட்டும் கேட்கக் கூடாது. ஏன் கேட்கக் கூடாது என்பது முடிக்கும்போது உங்களுக்கே தெரிந்துவிடும்.

ஒரு வருடம் பொங்கல் முடிந்த கையோடு செல்போனில் ஒரு தொடர்கதை வர ஆரம்பித்தது. திங்கட்கிழமை காலையில் ஒரு அத்தியாயம். எழுதியவர் பெயர் கார்முகில் என்று போட்டிருந்தது. ஆணா பெண்ணா, உள்ளூரா வெளியூரா, ஒன்றும் தெரியாது. முகம் இருக்க வேண்டிய இடத்தில் ஒரு கருமேகத்தின் படம்.

கதை இதுதான். சுரங்கத்துக்காக ஒரு ஊரை எடுத்துக்கொள்கிறார்கள். சனங்களுக்கு வேறு இடத்தில் மனை கொடுத்தாகிவிட்டது. ஊர் எல்லையில் நின்ற முனிக்கும் புது இடத்தில் மேடை கட்டி, சுண்ணாம்பு அடித்து, சேவல் அறுத்துக் கூப்பிட்டாகிவிட்டது. முனி போகவில்லை. காவல் காக்க ஒரு எல்லை வேண்டுமே. அவருடைய எல்லை இருந்த இடத்தில் இப்போது மண்ணே இல்லை. பெரிய பள்ளமும் அதற்குமேல் காற்றும்தான். அதனால் முனி ஒரு ஹெல்மெட்டையும் பூட்ஸையும் தேடி மாட்டிக்கொண்டு, ஷிப்ட் பஸ்ஸில் ஏறி, தினமும் சுரங்கத்துக்குப் போய்த் தன் எல்லைக்கல் நின்ற இடத்தைக் காற்றில் தேடுகிறார். பஸ்ஸில் பக்கத்தில் இருப்பவர்கள் கான்ட்ராக்ட் ஆள் என்று நினைத்து அவர் முகத்தைப் பார்ப்பதில்லை. மாயம் மந்திரம் ஒன்றும் கிடையாது, அவர் கண்ணுக்குத் தெரியாமல் போனது அப்படித்தான். ஷிப்ட் முடிந்ததும் ஒரு குவார்ட்டர்ஸின் கொல்லையில் உள்ள ஷெட்டில் வந்து படுத்துக்கொள்கிறார்.

கேட்கும்போதே மயிர் கூச்செறிகிறது அல்லவா. டவுன்ஷிப் முழுக்க அப்படித்தான் இருந்தது. பஸ் ஸ்டாப்பில், காய்கறி வண்டியைச் சுற்றி, பள்ளிக்கூட வாசலில், எங்கே பார்த்தாலும் முனி. ஷிப்ட் பஸ்ஸில் ஓர் இருக்கை காலியாக இருந்தால், "தள்ளி உக்காருங்கப்பா, முனி வருவாரு" என்று சிரித்தார்கள்.

பேச்சியம்மாளுக்கு மட்டும் சிரிப்பு வரவில்லை.

பேச்சியம்மாள் கோவில்பட்டிப் பக்கத்துக்காரி. புருஷன் வெள்ளைச்சாமி சுரங்கத்தில் மண் வெட்டும் பெரிய மெஷினில் ஆபரேட்டர்; அடுத்த வருடம் ரிட்டயர்மென்ட். அவர்களுடைய குவார்ட்டர்ஸின் கொல்லையிலும் ஒரு ஆஸ்பெஸ்டாஸ் ஷெட் உண்டு. அந்த ஷெட்டில் முனி இல்லை. செல்லக்கிளியும் அவள் மகள் அபியும் இருந்தார்கள்.

செல்லக்கிளி அந்தத் தெருவைப் பெருக்குகிற கான்ட்ராக்ட் தொழிலாளி. சுரங்கத்துக்குப் போன ஊர்களில் அவளுடையதும் ஒன்று. காடாம்புலியூர் சாலைப் பக்கம் கிடைத்த மனையில் அவள் புருஷன் கலியன் கொஞ்சம் கொஞ்சமாக வீடு கட்டிக்கொண்டிருந்தான். சுவர் எழும்பியது, கூரை எழும்பவில்லை. கார்த்திகை மழையில் தார்ப்பாய் கிழிந்து அபியின் புத்தகங்கள் நனைந்த அன்று, "ஒரு வாரம் இங்கன கெடங்க" என்று பேச்சியம்மாள்தான் கூட்டிக்கொண்டு வந்தாள். கலியன் வெளியூரில் கட்டட வேலைக்குப் போய்விட்டான். ஒரு வாரம் மாதங்களாயிற்று. அபி பன்னிரண்டாம் வகுப்பு. மார்ச்சில் பொதுத்தேர்வு.

குவார்ட்டர்ஸில் வெளியாட்களைக் குடிவைக்கக் கூடாது. தெரிந்தால் வெள்ளைச்சாமிக்கு மெமோ வரும், அதுவும் ரிட்டயர் ஆகிற நேரத்தில். தாயும் மகளும் அன்றைக்கே தெருவில் நிற்பார்கள். பரீட்சை முடிகிற வரைக்கும் அந்த ஷெட் தாங்க வேண்டும். அந்த நாட்களில் பேச்சியம்மாள் சாமியிடம் கேட்டது இது ஒன்றுதான்.

அதற்காக அவள் ஏகப்பட்ட சட்டம் போட்டிருந்தாள். செல்லக்கிளி விடிவதற்குள் வேலிச் சந்து வழியாக வெளியே போய்விட வேண்டும். பிறகு துடைப்பத்தோடு தெருமுனையிலிருந்து வருகிறவளைப் போல வர வேண்டும். துணி காயப்போட்டால் வேப்பமரத்தின் தாழ்ந்த கிளையில்தான், அதுவும் ஊர் மதியத் தூக்கம் போடும்போதுதான். தண்ணீர் பிடிக்கும்போது குழாய் வாயில் துணியைக் கட்டி, அதன் நுனி வாளியின் அடியைத் தொடும்படி விட வேண்டும். அப்போது தண்ணீர் விழுகிற சத்தம் கேட்காது.

மூன்றாவது அத்தியாயம் வந்த நாள் சாயங்காலம் பேச்சியம்மாள் குழம்புக் கிண்ணத்தோடு ஷெட்டுக்குப் போனாள். அபி தன் அம்மாவுக்குக் கதையை வாசித்துக்கொண்டிருந்தாள். முனி குளிக்கப் போகிறார். குழாயில் ஒரு கந்தைத் துணியைக் கட்டுகிறார். சத்தமில்லாமல் வாளி நிறைகிறது. பச்சைத் துண்டை உதறி, வேப்பமரத்தின் தாழ்ந்த கிளையில் போடுகிறார்.

"நிறுத்து தாயி. அந்த வரிய இன்னொருக்கா படி."

அபி படித்தாள். பேச்சியம்மாள் திரும்பிப் பார்த்தாள். வேப்பங்கிளையில் செல்லக்கிளியின் பச்சைத் துண்டு ஆடிக்கொண்டிருந்தது.

செல்லக்கிளி சிரித்தாள். "நம்ம கணக்காவே இருக்குதுங்கக்கா."

"சிரிக்காத. எவளோ நம்மள பாத்துக்கிட்டு இருக்கா."

"எவளோன்னு எப்டிக்கா சொல்ற. ஆம்பளயா கூட இருக்கலாமில்ல."

"எந்த ஆம்பளடி துணி காயிறதக் கவனிச்சிருக்கான்."

அன்று முதல் பேச்சியம்மாளுக்குத் தெரு பழைய தெருவாக இல்லை. வணக்கம் சொல்கிறவளெல்லாம் எதற்கோ வேவு பார்க்க வந்தவளாகத் தெரிந்தாள். பால்காரர் கொல்லைப்பக்கம் எட்டிப் பார்த்த மாதிரி இருந்தது. எதிர்வீட்டுச் சாமியம்மாள் ஒரு நாள், "உங்க வீட்ல இப்பெல்லாம் அரிசி சீக்கிரம் தீருதோ" என்று கேட்டுவிட்டாள். பேச்சியம்மாள் அவளோடு பேசுவதையே நிறுத்திக்கொண்டாள். பாவம், சாமியம்மாள் அரிசி விலையைப் பற்றித்தான் பேச வந்திருக்கிறாள்.

"சாமியப் பத்தி யாரோ கதை எழுதுனா உனக்கு என்னத்துக்கு வேர்க்குது" என்றார் வெள்ளைச்சாமி.

"கதையா அது. மொட்டக் கடுதாசி. ஒரேடியாப் போடாம வாரா வாரம் போடுதாக."

எழுதுகிற கை யாருடையது என்று அவளே கண்டுபிடிக்கப் புறப்பட்டாள். ஒரு மத்தியானம் குழாயடியில் நின்று மெல்லச் சுற்றிப் பார்த்தாள். இடதுபக்கம் பாதாம் மரம் மறைத்தது. வலதுபக்கம் சுவர். தெருவிலிருந்து பார்த்தால் குழாய் தெரியாது. பின்பக்கத் தெருவில் ஒரு மாடிக் குவார்ட்டர்ஸ் இருந்தது. அதன் ஜன்னல் ஒன்றிலிருந்து மட்டும் குழாய், வேப்பங்கிளை, வேலிச் சந்து மூன்றும் ஒரே பார்வையில் தெரியும். ஜன்னலில் நீலத் திரை. பேச்சியம்மாள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அந்தத் திரை லேசாக அசைந்தது.

அது கிருஷ்ணப்ரியாவின் வீடு. புருஷன் ராஜ்மோகன் அனல்மின் நிலையத்தில் அதிகாரி. அவள் அதிகம் வெளியே வராத பெண். கண்டால் சிரிப்பாள், அவ்வளவுதான். அதிகம் பேசாதவள் என்பதே இப்போது பெரிய சாட்சியாகப் போயிற்று.

இதற்கிடையில் இன்னொருவர் கிளம்பினார். பன்னீர்செல்வம். குவார்ட்டர்ஸ் மராமத்துப் பிரிவில் சூப்பர்வைசர். ஓட்டை ஒழுகல் பார்ப்பது அவர் வேலை. கூடவே குவார்ட்டர்ஸில் இருக்கக் கூடாத ஆள் இருந்தால் மேலே எழுதிக் கொடுப்பதும் அவர் வேலை. முனி கதைக்கு அவரைப் போல ஒரு வாசகர் கிடையாது. ஒவ்வொரு அத்தியாயத்துக்கும் கீழே முதல் ஆளாக நீளமாக எழுதுவார். ஆறாவது அத்தியாயம் வந்த மறுநாள் பேச்சியம்மாள் வீட்டு வாசலில் வந்து நின்றார்.

"வணக்கம்மா. லீக்கேஜ் ஏதாவது இருக்கா?"

"நாங்க கம்ப்ளெயின்ட் குடுக்கவே இல்லயே."

"குடுத்தாதான் வரணுமா. குடுத்தாலும் வரமாட்டீங்கன்னுதானே எல்லாரும் திட்றாங்க." அவர் கண் கூரைக்கு மேலே தெரிந்த மரத்துக்குப் போனது. "வேப்பமரம் இருக்கு போல."

"டவுன்ஷிப் பூராம் வேப்பமரந்தான்."

"வாஸ்தவம். ஆனா ஷெட்டுக்குப் பக்கத்துல, கிளை தாழ்ந்து, பின்னாடி வேலியில ஒரு சந்தோட இருக்கணும். நாலஞ்சு பிளாக் பாத்துட்டேன். எங்கயும் மூணும் சேந்து வரல." குரலைத் தாழ்த்தினார். "முனி கதை படிக்கிறீங்களாம்மா?"

"எனக்கெங்க நேரம். அடுப்படியே கதியா கெடக்கேன்."

"படிங்க. எங்கப்பா கடைசி வரைக்கும் கான்ட்ராக்ட் ஆளாவே இருந்தவர். ஷிப்ட் முடிஞ்சு சேறோட பஸ்ல ஏறினா, பக்கத்துல உக்காந்தவங்க எழுந்து நின்னுப்பாங்களாம். சிரிச்சிக்கிட்டேதான் சொல்லுவாரு. இந்தக் கதையப் படிக்கிற வரைக்கும் நானும் சிரிச்சிக்கிட்டேதான் கேட்டேன்."

பேச்சியம்மாளுக்கு ஒரு கணம் அந்த மனுஷன் மேல் இரக்கம் வந்தது. உடனே அதை அடக்கிக்கொண்டாள். "அந்த இடத்தக் கண்டுபிடிச்சு என்ன செய்யப் போறீக?"

"சும்மா ஒரு தடவ நின்னு பாக்கணும்."

"ஆரும் இல்லாத ஷெட்டுல என்னத்தப் பாக்க."

"முனி இருந்தா கும்பிட்டுட்டு வந்துருவேன். ஆள் இருந்தா எழுதித்தான் குடுக்கணும், அது என் வேலை." சொல்லிவிட்டுச் சிரித்தார். "இன்னொரு நாள் ப்ளம்பரக் கூட்டிட்டு வரேன். பின்பக்க லைனையும் பாத்துடலாம்."

என்றைக்கு வருவார் என்று சொல்லவில்லை. அதுதான் பேச்சியம்மாளை வதைத்தது. ஷெட்டைக் காலி செய்து இருவரையும் வீட்டுக்குள் வைத்துக்கொள்ளலாம் என்றால், அடுப்படி போக இருப்பது ஒரே அறை, அதுவும் எந்நேரமும் தெருவைப் பார்த்தபடி இருக்கிறது. ஸ்டடி ஹாலிடேயில் இருக்கும் ஒரு பெண்பிள்ளையை அதில் எங்கே மறைப்பது?

அடுத்த திங்கட்கிழமை வந்த ஏழாவது அத்தியாயத்தின் அடியில் இரண்டு வரி சேர்ந்திருந்தது: முனி எந்த ஷெட்டில் இருக்கிறார் என்று செக்யூரிட்டிக்குத் தெரிந்துவிட்டது. வரும் வாரம் அவர் பிடிபடுவார்.

பேச்சியம்மாள் கருப்பட்டிப் பணியாரம் சுட்டு, டப்பாவில் அடைத்து, அந்த மாடிப்படி ஏறினாள்.

கதவைத் திறந்த கிருஷ்ணப்ரியா திகைத்தாள். மேஜைமேல் திறந்திருந்த லேப்டாப்பைச் சட்டென்று மூடினாள். மூடிய வேகத்தைப் பேச்சியம்மாள் கவனித்துக்கொண்டாள்.

"எங்க ஊர்ப் பணியாரம் தாயி. சும்மா கொண்டு வந்தேன்."

"எதுக்கு ஆன்ட்டி சிரமம். உக்காருங்க."

பேச்சியம்மாள் உட்காராமல் நேரே ஜன்னலுக்குப் போனாள். "நல்லா காத்து வருதே. கீழ எல்லாம் தெரியுமோ?"

"என்ன ஆன்ட்டி தெரியும், வேப்பமரம்தான்."

"ராத்திரி பகலா இங்கனதான் உக்காந்திருப்பியோ?"

கிருஷ்ணப்ரியா ஜன்னல் திரையை இழுத்துவிட்டாள். அவளுக்கும் ஒரு பயம் உண்டு. சுரங்கத்தைப் பற்றிக் கதை எழுதுவது தன் மனைவி என்று ஆபீசில் தெரிந்தால் சங்கடம் என்று ராஜ்மோகன் சொல்லியிருந்தான். அதனால்தான் அந்தப் புனைபெயர். சென்னையில் ஒரு பதிப்பகம் முதல் ஏழு அத்தியாயங்களையும் படித்துவிட்டு, முடிவு வரை இதே மாதிரி வந்தால் நெய்வேலியில் ஜூலையில் நடக்கும் புத்தகக் கண்காட்சிக்குப் புத்தகமாகப் போட்டுவிடுகிறோம் என்று சொல்லியிருந்தது. அவளுடைய முதல் புத்தகம். இந்த நேரத்தில், ஒருநாளும் வராத பக்கத்துத் தெரு ஆன்ட்டி பணியாரத்தோடு வந்து ஜன்னலை ஆராய்கிறாள்.

"அந்த முனி கதை படிக்கியா தாயி?"

"இல்ல ஆன்ட்டி. எனக்கு அதுக்கெல்லாம் நேரமே இல்ல."

"எனக்கும் இல்ல. ஆரு எழுதுதாகளோ, அதுவும் தெரியாது. தெரிஞ்சவக ஆராச்சும் இருந்தா சொல்லலாம்னு பாத்தேன். அந்த முனிய எதுக்கு ஒரு ஷெட்டுல போட்டு வதைக்கணும்? மெட்ராஸ் பக்கம் அனுப்பி வைக்கலாம். பீச்சு இருக்கு, மெட்ரோ ரயில் இருக்கு. நாலு எடம் பாப்பாருல்ல."

"மெட்ராஸ்ல அவருக்கு என்ன வேலை ஆன்ட்டி? அவர் எல்லை இங்கதானே இருக்கு."

"படிக்கலன்னு சொன்னியே."

பேச்சியம்மாள், பிடித்துவிட்டோம் என்று நினைத்தாள். கிருஷ்ணப்ரியா, இவள் நம்மை மிரட்ட வந்திருக்கிறாள் என்று நினைத்தாள். ஷெட்டில் ஆள் இருப்பதைச் சொல்லாமல் அவளால் கேட்க முடியாது. கார்முகில் நான்தான் என்று சொல்லாமல் இவளால் பதில் சொல்ல முடியாது. "டப்பாவ அப்புறமா வாங்கிக்கிடுதேன்" என்று பேச்சியம்மாள் படியிறங்கிவிட்டாள். பணியார டப்பாவைக் கிருஷ்ணப்ரியா திறக்கவே இல்லை. யார் கண்டது, அதில் என்ன இருக்குமோ.

மறுநாள் காலை மாடிப்படியைப் பெருக்கிக்கொண்டே செல்லக்கிளி மேலே ஏறி வந்தாள். பேச்சியம்மாளிடம் சொல்லவில்லை, சொன்னால் விடமாட்டாள். துடைப்பத்தைச் சுவரில் சாய்த்துவிட்டுக் கதவைத் தட்டினாள்.

"அந்தக் கத எழுதறது நீங்கதானுங்களே."

கிருஷ்ணப்ரியா கதவைப் பாதி சாத்திக்கொண்டாள். "யார் சொன்னது?"

"யாரும் சொல்லலைங்க. அக்கா நேத்து பணியாரம் சுட்டு எடுத்துகினு இங்க வந்துது. அது யாருக்கும் சும்மா பணியாரம் சுடாது." புடவைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். "நாந்தாங்க உங்க முனி."

"என்ன?"

"அந்தப் பச்சத் துண்டு என்னுது. கொழாயில துணி கட்டிகினு தண்ணி புடிக்கிறது நானு. அந்தச் சந்துல பூந்துதான் நானு தெனமும் வேலைக்கு வர்றேன். எம்பொண்ணும் நானும் அந்த ஷெட்டுலதாங்க கீறோம்."

கிருஷ்ணப்ரியா ஜன்னலைப் பார்த்தாள், செல்லக்கிளியைப் பார்த்தாள். அவள் கண்ணில் பட்டதெல்லாம் ஒரு துண்டு, குழாயில் தொங்கிய ஈரத்துணி, கழுவிக் கவிழ்த்த ஒரு தட்டு, இவ்வளவுதான். அங்கே ஆள் இருக்கும் என்று அவளுக்குத் தோன்றவே இல்லை. அவள் குவார்ட்டர்ஸில் பிறந்து குவார்ட்டர்ஸில் வளர்ந்தவள் கண்ணுகளா. வீடு யார் பெயருக்கு ஒதுக்கப்பட்டதோ அவர்கள்தான் அதில் இருப்பார்கள் என்பது அவளுக்குச் சூரியன் கிழக்கே உதிக்கிற மாதிரி. பெயர் இல்லாத இரண்டு பெண்கள் அங்கே குடியிருக்கலாம் என்று நினைப்பதைவிட, ஒரு முனி குடியிருக்கலாம் என்று நினைப்பது அவளுக்குச் சுலபமாக இருந்திருக்கிறது.

"எனக்குத் தெரியாது" என்றாள். "சத்தியமா தெரியாது. தினமும் உங்களப் பாக்கறேன். ஆனா தெரியாது."

"தெரிஞ்சி எழுதி இருப்பீங்கன்னு அக்கா சொல்லிகினே இருக்குது. எனக்கு அப்டித் தோணல. எங்க ஊரு முனிக்கும் புது எடத்துல மேட கட்டனாங்க."

"அவர் வந்தாரா?"

"எனுக்கு இன்னாங்க தெரியும். நானே இன்னும் அங்க போயி சேரல." செல்லக்கிளி சற்றுத் தயங்கினாள். "வர்ற வாரம் அவுர புடிச்சிடுவாங்களா?"

"ஆமா."

"புடிச்சி?"

கிருஷ்ணப்ரியா சொன்னாள். வேறு யாரிடமும், ராஜ்மோகனிடம்கூட அவள் சொன்னதில்லை. முனியைச் சட்டையைப் பிடித்துச் சுரங்க வாசல் கேட்டுக்கு இழுத்து வருகிறார்கள். பகல் ஷிப்ட் மாறுகிற நேரம், ஊரே நிற்கிறது. பெயரைக் கேட்கிறார்கள். அவர் முதல்முறையாக ஹெல்மெட்டைக் கழற்றுகிறார். கூட்டத்தில் நிற்கிற ஒவ்வொருவனுக்கும் அது தன் பக்கத்து இருக்கையில் வருடக்கணக்காக வந்த முகமாகத் தெரிகிறது. அதே நேரத்தில் சுரங்கத்தில் அடித்தண்ணீரை இறைத்துக்கொண்டிருக்கும் பம்புகள் எல்லாம் தாமாக நின்றுபோகின்றன. கீழே இருக்கிற தண்ணீர் தள்ள, பள்ளத்தின் தரை மூச்சு விடுகிற நெஞ்சைப் போல மேலே எழும்புகிறது. காற்றில் முனியின் எல்லைக்கல் தெரிகிறது.

செல்லக்கிளி கையைத் தடவிக்கொண்டாள். மயிர் சிலிர்த்திருந்தது. "நல்லா இருக்குதுங்க. அதாங்க கத." பிறகு, "எம்பொண்ணுக்குப் பரீட்ச முடிஞ்சப்புறம் அவுர புடிச்சா ஆவாதுங்களா?" என்றாள்.

"திங்கக்கிழமை போட்டாகணும். புத்தகம் போடறவங்களும் இந்த மாசத்துக்குள்ள முழுசா கேக்கறாங்க."

"மரத்தயே குறியா வச்சிகினு தேடிகினு வர்றாருங்க அந்த மராமத்து சாரு. அதான் சொன்னேன். எழுத வாணாம்னு சொல்ல வர்லிங்க." துடைப்பத்தை எடுத்துக்கொண்டு படியைப் பெருக்கியபடியே இறங்கினாள்.

திங்கட்கிழமை வந்தது. பன்னீர்செல்வமும் வந்தார், ப்ளம்பர் சின்னதுரையை அழைத்துக்கொண்டு. எட்டாவது அத்தியாயத்தை, முனியின் ஷெட் என்று தான் சந்தேகப்பட்ட இடத்திலேயே நின்று படிக்க வேண்டும் என்பது அவர் ஆசை. வெள்ளைச்சாமி ஷிப்டுக்குப் போயிருந்தார். ஷெட்டுக்குள் அபி பாடம் படித்துக்கொண்டிருந்தாள். தெருமுனையில் பெருக்கிக்கொண்டிருந்த செல்லக்கிளி, அவர்கள் பேச்சியம்மாள் வீட்டுக்குத் திரும்புவதைப் பார்த்துவிட்டு அப்படியே நின்றாள். ஓடினால் சந்தேகம் வரும்.

பேச்சியம்மாள் வாசலை மறித்தாள். "முன்பக்கக் குழாய்தான் சொட்டுது. அதப் பாருங்க முதல்ல."

"அது கெடக்கட்டும்மா. பின்னாடி போற லைன்தான் பழசு." வீட்டுப் பக்கவாட்டில் நடந்தார். சமையலறை ஜன்னலுக்கு நேரே வந்தபோது அவர் சட்டைப் பையில் செல்போன் மணியடித்தது. "வந்துடுச்சு" என்று சின்னதுரையிடம் சொல்லிவிட்டு, சுவரில் சாய்ந்து படிக்க ஆரம்பித்தார். ஷெட் கதவுக்கும் அவருக்கும் நடுவில் ஒரு செம்பருத்திச் செடிதான் இருந்தது.

பேச்சியம்மாள் உள்ளே ஓடி, ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு அவர் முகத்தையே பார்த்தாள். முதலில் அதில் ஒரு பரபரப்பு. பிறகு நெற்றி சுருங்கியது. விரலால் மேலே தள்ளினார், மறுபடி கீழே இறக்கினார், தவறான கதையைத் திறந்துவிட்டோமோ என்று பெயரைச் சரிபார்த்தார்.

"முனிக்குக் கோட்டா" என்றார்.

"என்னா சார்?" என்றான் சின்னதுரை.

"முனி எழும்பூர்ல ரயில் விட்டு எறங்கறாரு. கறுப்புக் கோட்டு போட்டிருக்காரு. கண்ணாடி வேற. விரல்லருந்து நீல வெளிச்சம் வருதாம். மெட்ரோ ஸ்டேஷன்ல ஒரு வெள்ளக்கார மந்திரவாதிகூட சண்ட போடறாரு."

"ஷெட்டுலருந்து எப்ப கெளம்பினாரு?"

"அதச் சொல்லவே இல்லப்பா. பஸ் புடிச்சாராம், போயிட்டாராம்." செல்போனைப் பைக்குள் போட்டார். திருட்டுக் கொடுத்தவரைப் போல இருந்தது அவர் முகம். "எழுதறவனுக்கு இந்த ஊரே தெரியாது போல. ஏதோ அடிச்சு விட்டிருக்கான். நான் ஒரு முட்டாள், மரம் மரமா தேடிட்டு இருந்திருக்கேன்."

"பின்பக்கம் லைன் பாக்கலாமா சார்?"

"எதுக்கு?"

"அதுக்குத்தான வந்தோம்."

"வேணாம்ப்பா. வா, டீ குடிக்கலாம்."

அவர்கள் போனபிறகும் பேச்சியம்மாள் கம்பியை விடவில்லை. செல்லக்கிளி தெருமுனையில் மறுபடி பெருக்க ஆரம்பித்தாள்.

இதோடு பேச்சியம்மாளின் சந்தேகம் தீர்ந்ததா என்றால், இல்லை. கூடத்தான் செய்தது.

"உன் முனிதான் மெட்ராஸ் போயிட்டாருல்ல. நிம்மதியா இரு" என்றார் வெள்ளைச்சாமி.

"நான் சொன்ன மாதிரியே எழுதியிருக்கா. சொன்ன பேச்சக் கேக்குறவளா அவ? ஏதோ ஒண்ணு வச்சிருக்கா. நம்மள அயர விட்டுப் பிடிக்கப் பாக்கா."

வாராவாரம் பயந்து பயந்து அபியைப் படிக்கச் சொல்லிக் கேட்டாள். முனி திரும்பி வரவில்லை. அவருக்கு ஒரு இரட்டைச் சகோதரன் முளைத்தான். டிவியில் செய்தி வாசிக்கும் பெண் ஒருத்தியை முனி காதலித்தார். ஒரு மோதிரம் தொலைந்தது, கிடைத்தது, மறுபடி தொலைந்தது. எல்லைக்கல்லைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. வாசகர்கள் ஒவ்வொருவராகக் கழன்றார்கள். முன்னே அதைப் புகழ்ந்தவர்களே ஏமாற்றிவிட்டதாகத் திட்டி எழுதினார்கள். பஸ்ஸில் காலி இருக்கையைக் காட்டி யாரும் சிரிப்பதில்லை. பதிப்பகம், அறிவித்துவிட்ட குற்றத்துக்காகக் கொஞ்சம் பிரதிகள் மட்டும் அச்சடித்தது. அடுத்த நாவல் பற்றிப் பேசியதை அதோடு விட்டுவிட்டது.

அபி பரீட்சை எழுதி முடித்தாள். கலியன் ஊர் திரும்பி, வீட்டுக்குத் தகரக் கூரை போட்டான். புறப்படும் நாளில் மூட்டையைத் தலையில் ஏற்றிக்கொண்டபோதுதான் செல்லக்கிளி, மாடிப்படி ஏறிப்போன விஷயத்தைப் பேச்சியம்மாளிடம் சொன்னாள். கேட்டில் முனி ஹெல்மெட்டைக் கழற்றுகிற கட்டத்தையும், பம்புகள் நின்று தரை எழும்புகிற கட்டத்தையும் ஒன்று விடாமல் சொன்னாள்.

பேச்சியம்மாள் நிமிர்ந்து அந்த நீலத் திரையைப் பார்த்தாள். பிறகு, "அந்தப் பணியாரத்தத் தின்னாளாமா?" என்று மட்டும் கேட்டாள்.

"அது எனுக்குத் தெரியாதுங்கக்கா."

ஜூலையில் புத்தகக் கண்காட்சி. கிருஷ்ணப்ரியா தன் புத்தகம் வைத்திருந்த கடையிலேயே நின்றிருந்தாள். கார்முகில் யார் என்று இப்போது எல்லோருக்கும் தெரியலாம். சுரங்கம் பாதியில் காணாமல் போய்விட்ட நாவலைப் பார்த்து எந்த ஆபீஸ் கோபித்துக்கொள்ளப் போகிறது? ராஜ்மோகனே தன் நண்பர்களை அழைத்து வந்தான். அவர்கள் புரட்டிப் பார்த்துவிட்டு, "அட்டை நல்லா இருக்கு" என்றார்கள்.

பேச்சியம்மாள் போனபோது பன்னீர்செல்வம் அங்கே இருந்தார். கையில் புத்தகம். வாங்கிப் படித்துவிட்டுத் திரும்ப வந்திருந்தார்.

"மேடம், தப்பா எடுத்துக்காதீங்க. முதல் பாதி நீங்க எழுதினதுதானா?"

"மீதியும் நான்தான் சார்."

"நம்ப முடியல. அந்த ஏழு அத்தியாயம் எழுதின கை இந்தக் கோட்ட எழுதாது. நான் படிக்கிறவன் மேடம், எனக்குத் தெரியும். யாராவது மாத்தச் சொன்னாங்களா? மிரட்டினாங்களா?"

"இல்ல சார்."

"அப்ப அந்த எட்டாவது அத்தியாயத்துல உங்களுக்கு என்னதான் ஆச்சு?"

கிருஷ்ணப்ரியா அவரைப் பார்த்தாள். தன் முனியை இவ்வளவு நேசித்தவர் இந்த ஊரில் வேறு யாரும் இல்லை என்பது அவளுக்குத் தெரியும். ஒரு வார்த்தை போதும், அவர் முகம் மலர்ந்துவிடும். அவர் வேலை என்ன என்பதும், வெள்ளைச்சாமி இன்னும் ரிட்டயர் ஆகவில்லை என்பதும் அவளுக்குத் தெரியும்.

"எனக்கு அவ்வளவுதான் சார் வந்துச்சு."

பன்னீர்செல்வம் தலையை ஆட்டினார். "அநியாயம் மேடம். நல்ல முனி."

பக்கத்தில் நின்ற பேச்சியம்மாள் ஒரு புத்தகத்தை எடுத்தாள். "எனக்கு அவரு மெட்ராஸ் போனப்பறம்தான் கதை பிடிச்சுது" என்றாள்.

பன்னீர்செல்வம் அவளைத் திரும்பிப் பார்த்தார். பிறகு கிருஷ்ணப்ரியாவைப் பார்த்தார். இருவரும் வேறு வேறு பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார்கள். இதில் என்னமோ இருக்கிறது என்று அவருக்குப் பட்டது; என்னவென்று பிடிபடவில்லை. கூட்டத்தில் கலந்தபிறகும் இரண்டு முறை நின்று திரும்பிப் பார்த்தார்.

அவர் தலை மறைகிற வரைக்கும் காத்திருந்துவிட்டு, பேச்சியம்மாள் புத்தகத்தை நீட்டினாள்.

"கையெழுத்துப் போட்டுக் குடு தாயி."

"உங்க பேர் போடவா ஆன்ட்டி?"

"எனக்கெதுக்கு. அபின்னு போடு. நர்சிங் காலேஜ்ல சேந்திருக்கா. ஆஸ்டல்ல எடம் குடுத்திருக்காக, அவ பேருலயே."

கிருஷ்ணப்ரியா பேனாவைத் திறந்தாள். எழுதி முடித்துப் புத்தகத்தைக் கொடுக்கும்போது இருவரும் முதன்முறையாக ஒருவர் முகத்தை ஒருவர் நேராகப் பார்த்துக்கொண்டார்கள்.

முனி கேட்டில் நிற்கிற அந்தக் கட்டத்தை அவள் இன்றுவரை எழுதவில்லை. நான் சொன்ன அளவுக்குத்தான் அது இந்த உலகத்தில் இருக்கிறது. வைத்துக்கொள்ளுங்கள்.

என் செல்லங்களே, உங்கள் வீட்டுக் கூரை எந்த மழைக்கும் ஒழுகாமல் இருக்கட்டும். அதன் கீழே படுக்கிறவர்கள், பெயர் எழுதப்பட்டவர்களோ எழுதப்படாதவர்களோ, பயமில்லாமல் காலை நீட்டித் தூங்கட்டும். உங்கள் உலையில் எப்போதும் இன்னொரு வயிற்றுக்கும் சேர்த்தே அரிசி வேகட்டும். உங்களுக்காக ஒருத்தி தன்னுடைய நல்லதை விட்டுக்கொடுத்தால், அவள் முகத்தை ஒருநாள் பார்க்க உங்களுக்குக் கொடுத்து வைக்கட்டும். குடியும் குடித்தனமுமாக நீடூழி இருங்கள்.